கூடாரம் உண்டு, தூண்டில் இல்லை
காவிரியின் ராட்சத மீனைத் தேடிப் போகும் பாதையில் அந்த மீனைத் தவிர மற்ற எல்லாம் இருக்கின்றன

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே கனகபுரா சாலையில் கார்களும் ஜீப்புகளும் பெங்களூரை விட்டு வெளியேறத் தொடங்கிவிடுகின்றன. பலவற்றில் இருப்பது கணவனும் மனைவியும் மட்டுமே. பின் இருக்கையில் ஒரு பை, தண்ணீர் கேன், பைனாகுலர். சாத்தனூர், ஹலகூர் தாண்டி முத்தத்திக் காட்டுக்குள் இறங்கும் சாலை, சுமார் 100 கி.மீ. முடிவில் காவிரிக் கரைக்குப் போய்ச் சேர்கிறது. இடத்தின் பெயர் பீமேஸ்வரி.

மருத மரங்களின் நிழலில் அரசு முகாமின் கூடாரங்கள். கரையில் கவிழ்த்து வைத்த பரிசல்கள். அக்கரையில் யானை இறங்கித் தண்ணீர் குடிக்கும். பாறை மேல் முதலை வெயில் காயும். நீர்நாய்கள் கூட்டமாக வந்து போகும். இரண்டு நாள் ஓய்வுக்கு வரும் ஜோடிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் இந்த முகாம் ஓய்வுக்காகப் பிறந்ததல்ல. இதன் பழைய பெயர் 'காவிரி மீன்பிடி முகாம்'. ஒரு காலத்தில் இங்கே வந்த ஒவ்வொரு ஜீப்பின் கூரையிலும் நீளமான உறைகளில் தூண்டில் கழிகள் கட்டியிருக்கும். இன்று கூடாரம் இருக்கிறது, பரிசல் இருக்கிறது, ஆறும் இருக்கிறது. தூண்டில் போட மட்டும் அனுமதி இல்லை. அதைவிடப் பெரிய இழப்பு, தூண்டில்காரர்கள் தேடி வந்த மீனே ஏறக்குறைய இல்லாமல் போனது.

களியே இரை

அந்த மீன் திமில் மஹசீர். கெண்டை இனம்தான். ஆனால் கறிக் குழம்புக் கெண்டையோடு ஒப்பிட முடியாது. தலைக்குப் பின்னால் எருதின் திமில் போல முதுகு எழும்பி நிற்கும். துடுப்பும் வாலும் ஆரஞ்சு நிறம். வளர்ந்தால் 50 கிலோவைத் தாண்டும். உலகிலேயே காவிரியிலும் அதன் துணை ஆறுகளிலும் மட்டுமே உண்டு.

வெள்ளைக்காரர்களுக்கு இதன் மேல் இருந்த மோகம் பழையது. மதராஸ் ராஜதானியின் சிவில் அதிகாரி எச்.எஸ். தாமஸ் 1873-இல் வெளியிட்ட 'தி ராட் இன் இந்தியா' என்ற புத்தகம் தூண்டில்காரர்களின் வேதமாக இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு இந்த மோகம் அடங்கியது. காவிரியின் பெரிய மீன்கள் வெடிக்கும் வலைக்கும் இரையாகி முடிந்துவிட்டன என்றே பலரும் நம்பினார்கள். 1977-78இல் பிரிட்டனிலிருந்து வந்த மூன்று பேர் கொண்ட குழு ஒன்று நாடெங்கும் சுற்றி, கடைசியில் காவிரியில் ராட்சத மீன்களைப் பிடித்துக் காட்டியது. செய்தி பரவியது. 1980-களில் பீமேஸ்வரி, தொட்டமக்களி, காலிபோரே என்ற பெயர்கள் லண்டன் தூண்டில் கிளப்புகளில்கூட அடிபட்டன.

கர்நாடக அரசின் 'ஜங்கிள் லாட்ஜஸ்' நிறுவனம் முகாம்களை நடத்தியது. 1972-இல் தொடங்கிய தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டது. முன்பு வெடி வைத்து மீன் பிடித்த உள்ளூர்க்காரர்களில் சிலரே சம்பளத்துக்கு வழிகாட்டிகளாகவும் காவலாளிகளாகவும் மாறினார்கள். எந்த மடுவில் மீன் கிடக்கும், எந்தப் பாறை இடுக்கில் நூல் சிக்கும் என்பது அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

இரையோ எளிமையானது. கேழ்வரகு மாவைப் பிசைந்து வேகவைத்த உருண்டை. வழிகாட்டியின் ராத்திரிச் சாப்பாடும் அதே களிதான். எலுமிச்சம்பழ அளவு உருண்டையைத் தூண்டிலில் செருகி, நீரோட்டத்தில் எறிந்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மீன் கவ்விவிட்டால் அதன் பிறகு நிதானத்துக்கு இடமில்லை. சுருளிலிருந்து நூல் அலறிக்கொண்டு ஓடும். மீன் நீரோட்டத்தோடு பாயும். பரிசலில் ஏறி அதைத் துரத்த வேண்டும். பல சமயம் நூல் பாறையில் உரசி அறுந்துபோகும்.

கரைக்கு வந்த மீனைக் கொல்லக் கூடாது என்பது முகாமின் சட்டம். எடை பார்த்து, படம் எடுத்து, என்ன வகை, எவ்வளவு பெரிது என்று பதிவேட்டில் எழுதிவிட்டு ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். அப்போது யாரும் பெரிதாக மதிக்காத அந்தப் பதிவேடுதான் பின்னால் ஒரு பெரிய உண்மையைச் சொன்னது.

மைசூரும் கபினியும்

மீனின் கதையைத் தேடிப் போகும் ஜோடி பீமேஸ்வரியோடு நிற்க முடியாது. சாலை மேற்கே மைசூருக்குப் போகிறது. மகாராஜாக்கள் சுட்ட புலிகளைப் பாடம் செய்து கொடுத்த வான் இங்கன் குடும்பத்தின் ஊர் அது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த டி வெட் வான் இங்கன் 1946 மார்ச்சில் கபினி ஆற்றில் பிடித்த திமில் மஹசீரின் எடை 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ. தூண்டிலில் பிடித்த மஹசீர்களில் இன்றுவரை பேசப்படும் சாதனை அதுதான்.

அந்தக் கபினியின் மேல் 1974-இல் அணை எழுந்தது. இன்று அங்கே போகிறவர்கள் நீர்த்தேக்கக் கரையில் விடுதியில் தங்கி, படகில் போய் யானைக் கூட்டத்தைப் படம் எடுக்கிறார்கள். காவிரிப் படுகையில் இது முதல் அணையுமல்ல. சிவசமுத்திரத்தில் 1902-லேயே மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். 1930-களில் கிருஷ்ணராஜசாகரும் மேட்டூரும் வந்தன. மழைக்காலத்தில் புது வெள்ளத்தை எதிர்த்து மேலேறி முட்டையிடுவது மஹசீரின் குணம். அணைச் சுவர் அதை அனுமதிக்காது.

அன்பே எதிரியானது

மைசூரிலிருந்து சுமார் 90 கி.மீ. போனால் குடகின் வாசலான குஷால்நகர். வழியில் காப்பித் தோட்டங்கள், தோட்ட வீடுகளில் தங்கும் வசதி. பக்கத்தில் ஹாரங்கி. அங்கே கர்நாடக மீன்வளத் துறையின் மஹசீர் குஞ்சுப் பண்ணை இருக்கிறது. இந்தக் கதையின் முக்கியமான திருப்பம் பண்ணைகளில்தான் தொடங்குகிறது.

1970-களில் மகாராஷ்டிராவின் லோனாவ்லாவில் டாடா மின் நிறுவனம் மஹசீரைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்யத் தொடங்கியது. அழிந்துவரும் மீனைக் காப்பாற்றும் நல்ல நோக்கம்தான். லட்சக்கணக்கில் குஞ்சுகள் பொரித்துப் பல மாநிலங்களுக்குப் போயின. காவிரியிலும் விடப்பட்டன. தூண்டில்காரர்கள் மகிழ்ந்தார்கள். மஹசீர் பெருகினால் யாருக்குக் கசக்கும்?

ஆனால் பண்ணையில் பொரித்தது காவிரியின் திமில் மஹசீர் அல்ல. புனே வட்டாரத்து ஆறுகளின் நீலத் துடுப்பு மஹசீர். வேறு இனம். காவிரி அதற்குப் பிடித்துப்போனது. புதிய குடியேறி பல்கிப் பெருக, மண்ணின் மைந்தன் ஒதுங்கத் தொடங்கியது.

இது யார் கண்ணிலும் உடனே படவில்லை. காரணம், தூண்டிலில் மீன் கிடைப்பது குறையவில்லை. சொல்லப்போனால் கூடியது. எண்ணிக்கையைப் பார்த்தவர்கள் 'மஹசீர் காப்பாற்றப்பட்டுவிட்டது' என்று நினைத்தார்கள். இங்கிலாந்தின் போர்ன்மத் பல்கலைக்கழக மீன் ஆய்வாளர் ஆட்ரியன் பிண்டரும், கேரளத்தின் ராஜீவ் ராகவனும் மற்றவர்களும் காலிபோரே முகாமின் 1998 முதல் 2012 வரையிலான பதிவேட்டை எடுத்து இனம் வாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. 2015-இல் வெளியான அந்த ஆய்வின்படி, கூடியது நீலத் துடுப்பு. திமில் மீன் சரிந்துகொண்டே வந்திருக்கிறது. அதைவிடக் கவலை தந்த விஷயம், கிடைத்த திமில் மீன்கள் பெரும்பாலும் வயதான பெரிய மீன்கள். குட்டிகளைக் காணோம். வீட்டில் கிழவர்கள் மட்டும் இருந்து, தொட்டில் காலியாகக் கிடந்தால் என்ன அர்த்தமோ, அதேதான்.

பெயர் இல்லாத ராஜா

இன்னொரு வேடிக்கையும் உண்டு. உலகம் முழுக்கப் புகழ்பெற்ற இந்த மீனுக்கு நூற்றாண்டுக்கு மேலாக உறுதியான விஞ்ஞானப் பெயர் கிடையாது. பெயர் இல்லாத உயிரினத்தை அழியும் இனங்களின் பட்டியலில் சேர்க்க முடியாது. பட்டியலில் இல்லாததற்குத் திட்டமும் வராது, பணமும் வராது.

விடை வேறொரு மூலையில் கிடந்தது. கேரளத்தின் சின்னார் காட்டில் ஓடும் பாம்பாறு, கிழக்கே தமிழ்நாட்டுக்குள் இறங்கி அமராவதியில் கலக்கிறது. அமராவதி காவிரியில் சேர்கிறது. பாம்பாற்றில் கிடைத்த சிறிய மீன்களை வைத்து 2007-இல் இரு ஆய்வாளர்கள் 'டோர் ரெமாதேவி' என்ற புதிய இனத்தை விவரித்திருந்தார்கள். இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் மீன் ஆய்வாளர் ரெமா தேவியைக் கௌரவிக்கும் பெயர். அந்தச் சிறிய மீனும் காவிரியின் ராட்சதனும் ஒரே இனம்தான் என்று 2018-இல் பிண்டர் குழு நிறுவியது. அதே ஆண்டு சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் திமில் மஹசீரை 'மிக ஆபத்தான நிலையில் உள்ள இனம்' என்று அறிவித்தது. பெயர் சூட்டு விழாவும் அபாய அறிவிப்பும் ஏறக்குறைய ஒன்றாக நடந்தன.

காவல் யார்?

இதற்கிடையே தூண்டிலும் போய்விட்டது. இந்தக் கரைகள் 1987 முதல் காவிரி வனவிலங்குச் சரணாலயத்தில் அடங்குகின்றன. சரணாலயத்துக்குள் மீனைப் பிடித்து விடுவதும் வேட்டையே என்ற வாதம் வலுத்து, 2012-க்குள் முகாம்களில் தூண்டில் அடியோடு நின்றது.

தடையை ஆதரிப்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மானைச் சுட்டால் குற்றம் என்னும் காட்டில், மீன் வாயில் முள்ளைக் குத்தி இழுத்து விளையாடுவது மட்டும் எப்படிச் சரியாகும்? பிடித்து விட்ட எல்லா மீனும் பிழைக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

மறுதரப்பும் விடுவதாக இல்லை. தூண்டில் பணத்தில்தான் காவலாளிக்குச் சம்பளம் போனது. இரவும் பகலும் கரையில் ஆள் நடமாட்டம் இருந்ததால் வெடிக்காரர்கள் தயங்கினார்கள். இப்போது பார்க்க ஆளில்லாத மடுக்களில் வெடிச் சத்தம் கேட்கிறது என்கிறார்கள். ஆற்றைப் பற்றிய ஒரே தொடர் கணக்கும் 2012-ஓடு நின்றுவிட்டது. மீன் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று கேட்டால் புரட்டிப் பார்க்க ஏடு இல்லை.

இரு தரப்புமே ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. தூண்டில்காரர்கள் இல்லாவிட்டால் திமில் மீன் முன்பே வெடிக்குப் போயிருக்கலாம். அவர்கள் வரவேற்ற குஞ்சுகளே அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. காத்ததும் கெடுத்ததும் ஒரே கை. தடைச் சட்டமோ கையைக் கட்டியதே தவிர, ஆற்றில் ஏற்கெனவே விட்ட மீனைத் திரும்ப எடுக்கவில்லை.

இனி வரப்போவது இதைவிடப் பெரியதாக இருக்கலாம். காலிபோரேவுக்குக் கீழே, பெங்களூரின் கழிவைச் சுமந்து வரும் அர்க்காவதி காவிரியில் கலக்கும் இடம் சங்கமம். அதற்குக் கொஞ்ச தூரத்தில் மேக்கேதாட்டு. அங்கே 67 டி.எம்.சி. கொள்ளளவில் அணை கட்டக் கர்நாடகம் துடிக்கிறது, தமிழ்நாடு எதிர்க்கிறது. இரு மாநிலச் சண்டையில் தண்ணீர்க் கணக்கு மட்டுமே பேசப்படுகிறது. அணை வந்தால் சரணாலயத்தின் பெரும் காட்டுப் பகுதியோடு, திமில் மீன் வாழ்ந்த மடுக்களும் பாறைப் பாய்ச்சல்களும் தேங்கிய நீருக்கடியில் போகும். இந்தப் பேச்சுவார்த்தையில் மீனுக்கு வக்கீல் இல்லை.

பாலத்தின் மேல்

பெங்களூர் ஜோடியின் பயணம் இன்னும் ஒரு நிறுத்தம் போகலாம். மைசூரிலிருந்து தெற்கே, பந்திப்பூர் காட்டு வழி. இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வண்டிகளுக்குத் தடை உள்ள சாலை. பகலில் கடந்தால் தமிழ்நாட்டு எல்லைக்குள் முதுமலை, தெப்பக்காடு. பாலத்துக்கு அடியில் ஓடுவது மாயாறு. இது பவானியில் கலந்து, பவானி வழியாகக் காவிரியைச் சேரும் ஆறு. 2018 ஆய்வுக்கு உதவிய திமில் மீன்கள் கிடைத்தது தமிழ்நாட்டில் ஓடும் இந்த மாயாற்றில்தான். காவிரிப் பெரும் படுகையில் எஞ்சியிருக்கும் கடைசிப் புகலிடங்களில் இது ஒன்று.

இங்கே கரையில் இறங்கக்கூட அனுமதி இல்லை. புலிகள் காப்பகம். வண்டியை நிறுத்தாமல் போகச் சொல்லி வனக் காவலர் கை காட்டுவார். 400 கி.மீ.க்கு மேல் காரோட்டி வந்தவர்களுக்கு ஜன்னல் வழியே தெரிவது பாறைகளுக்கு நடுவே ஒரு துண்டு கலங்கல் தண்ணீர் மட்டுமே.

அந்த ஆற்றில் எங்கோ திமில் தூக்கிய மீன்கள் சில இன்னும் இருக்கின்றன. அவற்றுக்குக் குட்டிகளும் இருந்தால்தான் காவிரியின் ராட்சதனுக்கு நாளை உண்டு.