அடுப்புச் செலவும் ஆகாரச் சிக்கனமும்

உணவுப் பண்டங்களின் விலையும் எரிபொருளின் விலையும் ஒருங்கே உயருங்கால், குடும்பச் செலவைக் குறைக்க வேண்டுமென்று எல்லோரும் எண்ணுவது இயல்பே. ஆனால் எதைக் குறைப்பது என்று ஆராயாமல் குறைத்தால், சிக்கனமென்று கருதப்பட்டது சில காலம் சென்று வைத்தியச் செலவாக வந்து சேரும். தாம்பரம், பல்லாவரம், சேலையூர், முடிச்சூர் முதலிய சென்னையின் தென்புறப் பகுதிகளில் வாழும் குடும்பங்களை உதாரணமாகக் கொண்டு இவ்விஷயம் இங்கே விளக்கப்படுகிறது. பிற ஊர்களிலுள்ள கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கும் இது பெரும்பாலும் பொருந்தும்.

அக்காலமும் இக்காலமும்

1942-இல் பர்மா தேசம் ஜப்பானியர் வசமானதும், அங்கிருந்து சென்னை மாகாணத்துக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. 1943-இல் சென்னை நகரில் பங்கீட்டு முறை ஏற்பட்டது. அன்று குடும்பங்களை முதன்மையாக வருத்தியது அரிசித் தட்டுப்பாடு.

இன்று நிலைமை வேறு. 1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பின் இப்பகுதிகளில் குடியேற்றம் பெருகி வந்தது. 2021-இல் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலங்களிற் பெரும்பகுதி வீட்டுமனைகளாயின. ஆகையால் இப்பகுதி மக்கள் உப்பு முதல் கீரை வரை யாவற்றையும் விலைக்கே வாங்குகின்றனர். எனினும் அரிசி அட்டை வைத்திருப்போருக்கு 2011 ஜூன் முதல் ரேஷன் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்பட்டு வருகிறது. எனவே, கைப்பணம் கரைவது பெரும்பாலும் அரிசியினால் அன்று; பருப்பு, எண்ணெய், காய்கறி, சமையல் காஸ் ஆகியவற்றினாலேயே ஆகும்.

இவற்றுட் பல கடல் கடந்து வருபவை. இந்தியா உபயோகிக்கும் சமையல் காஸில் பாதிக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு. துவரையில் ஒரு பகுதி பர்மாவிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் வருகிறது. பாமாயில் இந்தோனேசியா, மலேசியா நாடுகளிலிருந்து வருகிறது. 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரங்கள் தடுத்தபோது, இந்நாட்டு எண்ணெய்ச் சந்தை கலங்கியது. இத்தகைய விலையேற்றத்தைக் குடும்பத்தார் தடுக்க இயலாது. வீணாவதைத் தடுக்க இயலும். அத்தடுப்பு அடுப்பில் தொடங்க வேண்டுமேயன்றி, உண்ணும் தட்டில் தொடங்கலாகாது.

அடுப்பில் மிச்சம்

14.2 கிலோ எடையுள்ள காஸ் சிலிண்டரின் விலை சென்னையில் 2023 ஆகஸ்டு முற்பகுதியில் 1,118 ரூபாய் 50 காசாக இருந்தது. அம்மாத இறுதியில் 200 ரூபாயும், 2024 மார்ச்சில் 100 ரூபாயும் குறைந்தது. 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறி 868 ரூபாய் 50 காசாயிற்று. இக்கடைசி விலையைக் கொண்டு கணக்கிட்டால், சிலிண்டர் 30 நாள் நீடிக்கும் வீட்டில் அடுப்புச் செலவு நாளொன்றுக்கு ஏறக்குறைய 29 ரூபாய். 40 நாள் நீடித்தால் 22 ரூபாய்க்கும் குறைவு. இவ்வேற்றுமை வருஷத்தில் மூன்று சிலிண்டராகும். விலை எவ்வளவு ஏறினும், இக்கணக்கின் பயன் ஏறுமேயொழியக் குறையாது. ஆகையால் சிலிண்டரைப் பொருத்திய தேதியை நாட்காட்டியில் குறித்துவைப்பது முதற் காரியமாகும்.

பத்து நாளை மிச்சப்படுத்தும் வழிகள் எளியவை. பருப்பையும் பயறு வகைகளையும் முன்னதாகவே ஊறவைத்தால் விரைவில் வேகும். கொண்டைக்கடலை, மொச்சை போன்றவற்றை முதல் நாள் இரவே ஊறவைக்க வேண்டும். நீர் கொதித்தபின் தீயைப் பெரிதாக வைத்தாலும் அதன் சூடு மேலும் ஏறுவதில்லை. நீர் ஆவியாகிப் போவதே பலன். எனவே கொதி வந்ததும் தீயைத் தணித்துப் பாத்திரத்தை மூடிவிடுதல் வேண்டும். பாத்திரத்தின் அடியைத் தாண்டி விளிம்பில் எழும் சுவாலை அவ்வளவும் நஷ்டமே. சுவாலை நீலமாயிராமல் மஞ்சளாக எரிந்தால் பர்னரின் துளைகள் அடைபட்டிருக்கக்கூடும். அவற்றைச் சுத்தம் செய்ய வேண்டும். குக்கரில் அரிசியையும் பருப்பையும் அடுக்கி ஒரே தீயில் வேகவைப்பது மிகவும் சிக்கனமானது.

மேல்நாட்டில் இரு உலக யுத்தங்களின்போதும் வைக்கோல் பெட்டி என்னும் முறை கையாளப்பட்டது. நன்றாகக் கொதித்த பாத்திரத்தை மூடி, வைக்கோலோ பழந்துணியோ திணித்த பெட்டிக்குள் வைத்துவிட்டால், உள்ளிருக்கும் சூட்டிலேயே உணவு வெந்துவிடும். சோற்றுக்கு இது ஏற்றது. வெந்ததைச் சூடு ஆறுமுன்னரே உண்ண வேண்டும்.

காலையில் அடுப்பே வேண்டாத உணவு ஒன்று நம்மவர் நெடுங்காலமாக அறிந்தது. அதுவே பழைய சோறு. இரவு மிஞ்சிய சோற்றைச் சுத்தமான பாத்திரத்தில் நல்ல நீர் ஊற்றி மூடி வைத்து, மறுநாள் காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்து உண்பதில் எரிபொருள் செலவும் இல்லை, சோறும் வீணாவதில்லை.

தட்டில் குறைக்கலாகாதவை

குன்னூரில் இருந்த போஷணை ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர் டாக்டர் அய்க்ராய்டு, இந்திய உணவுப் பண்டங்களின் சத்துக்களை அளந்து 1937-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். அந்நிலையமே பின்னர் ஹைதராபாத்துக்கு மாறித் தேசியப் போஷணை நிலையமாக விளங்குகிறது. வெறும் தீட்டிய அரிசியையே நம்பிய உணவு வயிற்றை நிரப்பினும் தேகத்தைக் காக்காது என்பது இத்தகைய ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று. புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி-1 என்னும் ஜீவசத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் சென்று தங்குவதால், பச்சரிசியைவிடப் புழுங்கலரிசி மேலானது. அது வேகச் சற்று அதிக நேரம் பிடிக்கும். அரைமணி நேரம் ஊறவைத்தால் அக்குறை நீங்கும். பலமுறை கழுவினாலும், வடித்த கஞ்சியைக் கொட்டினாலும் சத்து நீரோடு போய்விடும்.

100 கிராம் அரிசியில் புரதம் சுமார் 7 கிராம். துவரம் பருப்பில் சுமார் 22. வேர்க்கடலையில் சுமார் 25. விலை ஏறும்போது முதலில் பருப்பைக் குறைத்துக் குழம்பை நீராக்குவது தவறென்பது இதனால் விளங்கும். துவரை விலை மிகுந்தால் பாசிப்பயறு, காராமணி, கொள்ளு, வேர்க்கடலை இவற்றில் மலிவானதைக் கொள்ளலாம். கேழ்வரகில் அரிசியைவிடப் பன்மடங்கு சுண்ணாம்புச் சத்து உண்டு. புறக்கடையில் ஒரு முருங்கையும், தொட்டியில் சிறிது கீரையும் வளர்க்க இடமில்லாத வீடு சிலவே.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. குடும்பத்தில் உணவு குறையும்போது அக்குறை பெரும்பாலும் கடைசியில் உண்ணும் தாயின் தட்டிலேயே விழுகிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்களாகக் காணப்பட்டனர். ஆகவே பருப்பையும் கீரையையும் முதலிலேயே எல்லோருக்கும் பங்கிட்டு வைத்துவிடுவது, செலவில்லாத பெருநன்மையாகும்.

வாங்கும் முறையும் சங்கத்தின் கடமையும்

ரேஷன் கடையில் மாதந்தோறும் ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்கும், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் வழங்கும் திட்டம் 2007-இல் தோன்றியது. வெளிச்சந்தை விலையோடு ஒப்பிட்டால் இது பெரிய உதவி. இவற்றை வாங்காமல் விடுவதும், வாங்கியதைப் பிறருக்கு விற்பதும் கைப்பொருளை இழப்பதே ஆகும்.

எஞ்சிய பண்டங்களை அன்றன்று சிறு பொட்டலமாகக் கடனுக்கு வாங்குவோர், பண்டத்தின் விலையோடு பொட்டலத்தின் கூலியையும் கடனின் வட்டியையும் சேர்த்தே கொடுக்கின்றனர். இத்தீமையை ஒழிக்கவே 1844-இல் இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் தொழிலாளர் சிலர் சேர்ந்து மாவு, சர்க்கரை, வெண்ணெய் முதலியவற்றை விற்கும் கடை தொடங்கினர். ரொக்கத்துக்கே விற்றனர், லாபத்தை வாங்கியவர்களுக்கே பகிர்ந்தனர். 1904-இல் திருவல்லிக்கேணியில் தோன்றிய நகரக் கூட்டுறவுச் சங்கமும் இக்கொள்கையையே பின்பற்றியது. தமிழ்நாட்டில் இன்று ரேஷன் கடைகளில் மிகப் பெரும்பாலானவற்றை நடத்துபவை கூட்டுறவுச் சங்கங்களே.

ஆகவே சங்கம் இருக்கும் ஊரில், பத்துப் பதினைந்து குடும்பங்கள் மாதந்தோறும் சிறுதொகை ஒதுக்கிச் சேர்த்துவைக்கலாம். புளியும் மிளகாயும் மாசி, பங்குனியில் புதிதாக வரும்போதும், துவரை தை மாதத்தை ஒட்டி அறுவடையாகும்போதும் மூட்டையாக வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். வாங்கியதை நன்றாகக் காயவைத்து, தரையினின்று உயர்த்தி வைக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர்ப் பகுதி வீடுகளில் நீர் புகுந்ததை நினைவு கூர்வோருக்கு இதன் அவசியம் சொல்லாமலே விளங்கும்.

சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஒவ்வோர் அங்கத்தினரும் தம் வீட்டில் சிலிண்டர் எத்தனை நாள் நீடித்தது, பருப்பு எவ்வளவு வாங்கப்பட்டது என்னும் இரண்டு கணக்குகளை மட்டும் கொண்டுவந்து ஒப்பிடுவார்களாயின், முதற்கணக்கின் நாட்கள் பெருகுவதும் இரண்டாவதன் அளவு குறையாதிருப்பதுமே உண்மைச் சிக்கனத்துக்கு அடையாளம் என்பதை அவர்களே கண்டறிவர்.