ஆளைத் தேடாமல் ஏட்டைத் திறப்போம்

விடிவதற்கு வெகுநேரம் முன்பே கம்பம், கூடலூர், தேவாரம், போடி ஊர்களிலிருந்து ஏலத்தோட்டக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறிவிடுகின்றன. தாய் தோட்டத்தில் இருக்கும் நேரத்தில் பிள்ளைகளைச் சாப்பிட வைத்துப் பள்ளிக்கு அனுப்பவும், மாலையில் உட்கார வைத்துப் பாடம் சொல்லித்தரவும் யாராவது வேண்டும். திராட்சைப் பந்தலுக்கு மருந்தடிப்பவர்களின் கண்ணையும் தோலையும் மூச்சையும் அவ்வப்போது சோதித்துப் பார்க்க வேண்டும். தேவராட்டமும் பறையும் கரகமும் கைவந்த மூத்த கலைஞர்கள் இருக்கும்போதே இளையவர்கள் அவற்றைக் கற்றாக வேண்டும். கல்வி, மருத்துவம், கலை என்ற இந்த மூன்றிலும் அரசு எட்டாத இடைவெளிகளைத் தேனி மாவட்டத்தில் சின்னச் சின்ன அறக்கட்டளைகளும் சங்கங்களும் நிரப்ப முயல்கின்றன. அவற்றுக்கு முதலில் முட்டுக்கட்டையாக நிற்பது பணம். நிதிக்கு எங்கே போவது என்று கேட்டால் அடிக்கடி கிடைக்கும் பதில், "ஒரு ஆள் இருக்கார், அவரைப் பிடிச்சா வேலை முடியும்" என்பது. இந்தப் பதில் தவறானது; பல நேரம் ஆபத்தானதும்கூட. நிதிக்கு வழி ஆளிடம் இல்லை, அமைப்பின் கணக்கேட்டில் இருக்கிறது என்பதே இக்கட்டுரை சொல்ல வருவது.

யாருடைய பணம்?

மானியத்தைத் தருபவரின் தயவு என்று நினைப்பதிலிருந்துதான் குழப்பம் தொடங்குகிறது. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்பு நிதியாகச் செலவிட்டாக வேண்டும். சி.எஸ்.ஆர். என்று நாம் சொல்லும் இந்த நிதி 2022-23இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 30,000 கோடி ரூபாயாக இருந்தது. கல்வி, மருத்துவம், கலை, பண்பாடு ஆகிய எல்லாமே அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் உள்ளன. செலவழிக்காத பணத்தைச் சட்டம் சொல்லும் நிதிக்கோ கணக்குக்கோ மாற்றாமல் விட்டால் கம்பெனிக்கு அபராதம் உண்டு. ஆகவே கம்பெனியின் அதிகாரியும் நம்பகமான ஓர் அமைப்பைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார். அரசு மானியம் மக்களின் வரிப்பணம். தனிமனிதர் தரும் நன்கொடைக்கும் அரசு வரிச்சலுகை தருகிறது. இவ்வளவும் பொதுப்பணத்தின் சாயல் கொண்டவை என்பதால், கொடுப்பவர் ஒவ்வொருவரும் யாரோ ஒருவருக்குக் கணக்குக் காட்டவேண்டிய நிலையில் இருக்கிறார். அவர் காட்டவேண்டிய கணக்கை நாம் முன்கூட்டியே தயாராக வைத்திருந்தால், சிபாரிசுக்கு அங்கே வேலை குறைந்துவிடும். இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லவேண்டும். மானியம் பெற்றே தீரும் உரிமை எந்த அமைப்புக்கும் கிடையாது. விண்ணப்பிக்கவும், விதிப்படி பரிசீலிக்கப்படவும், அரசு மறுத்தால் காரணம் அறியவும் உரிமை உண்டு.

ஒரு பதிவு அடுத்த கதவைத் திறக்கும்

பத்திரப்பதிவு அலுவலகத்தில் அறக்கட்டளைப் பத்திரம் பதிந்ததும், அல்லது 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் சங்கம் பதிந்ததும் வேலை முடிந்தது என்று பலர் இருந்துவிடுகிறார்கள். உண்மையில் அது முதல் படி. அறக்கட்டளையின் பெயரிலேயே பான் அட்டையும் வங்கிக் கணக்கும் வேண்டும். வருமான வரித்துறையில் வரிவிலக்குக்கான 12ஏபி பதிவும், நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி ஒப்புதலும் வேண்டும். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் இந்தப் பிரிவு எண்கள் மாறினாலும் தேவை மாறவில்லை. மத்திய அரசு மானியத்துக்கு நிதி ஆயோக்கின் தர்பண் தளத்தில் பெறும் அடையாள எண் வேண்டும். சி.எஸ்.ஆர். நிதியைப் பெற, 2021 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 படிவம் தாக்கல் செய்து பதிவு எண் பெற்றிருக்க வேண்டும். வெளி அமைப்பாக இருந்தால் அதே துறையில் குறைந்தது மூன்றாண்டுப் பணி அனுபவமும் வேண்டும். முதல் மூன்றாண்டு கணக்கெழுதாமல் விட்ட அமைப்பு நான்காம் ஆண்டில் எவ்வளவு நல்ல திட்டத்தோடு போனாலும் வாசலிலேயே நின்றுவிடுவதற்குக் காரணம் இதுதான். வருமான வரித்துறை முதலில் தருவது மூன்றாண்டுத் தற்காலிகப் பதிவு. காலம் முடியுமுன் உரிய நேரத்தில் மறு விண்ணப்பம் போடாமல் அதை இழப்பவர்களும் உண்டு. நன்கொடையாளர் பட்டியலை நிதியாண்டு முடிந்ததும் மே 31க்குள் வரித்துறைக்குத் தராவிட்டால், கொடுத்தவருக்கு வரிச்சலுகை கிடைக்காமல் போகும்; அமைப்புக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணமும் விழும். ஒருமுறை சலுகை கிடைக்காத நன்கொடையாளர் மறுமுறை வருவது கடினம்.

"நம்ம பக்கம் யார் வரப்போறாங்க?"

இந்த இடத்தில் வரும் மறுப்பு நியாயமானது. சட்டமே, கம்பெனிகள் தாம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவேண்டும் என்கிறது. பெருந்தொழில்கள் சென்னை, கோவை, ஓசூர்ப் பக்கம் குவிந்திருக்க, விவசாயத்தை நம்பிய கம்பம் பள்ளத்தாக்குக்கு என்ன மிஞ்சும்? மத்திய அரசு 2018இல் அறிவித்த முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து விருதுநகரும் ராமநாதபுரமும் இருக்கின்றன, தேனி இல்லை. அந்தப் பெயரோடு வரும் கவனமும் தேனிக்கு இல்லை. ஆனால் குறை இருப்பதால் வழியே இல்லை என்று முடிவுகட்டத் தேவையில்லை. வட்டார முன்னுரிமை என்பது வழிகாட்டுதல்தான், கட்டாயமில்லை என்று அமைச்சகம் 2021இல் வெளியிட்ட விளக்கத்தில் கூறியிருக்கிறது. தேசிய சி.எஸ்.ஆர். தளத்தில் மாவட்ட வாரியாகச் செலவைப் பார்க்கலாம். தேனியில் ஏற்கெனவே செலவழித்த கம்பெனிகளிடமிருந்து தேடலைத் தொடங்கலாம். ஆண்டிபட்டி, தேனிப் பக்கம் காற்றாலை நிறுத்தியிருக்கும் கம்பெனிகளுக்கும், நூற்பாலைகளுக்கும், வங்கிகளுக்கும் இந்த மாவட்டமும் அவர்கள் இயங்கும் வட்டாரம்தான்.

சி.எஸ்.ஆர். ஒன்றே வழி என்பதும் மயக்கம். பள்ளிக்கு உதவி தேடுவோருக்குத் தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் இருக்கிறது. கம்பெனிகளும் முன்னாள் மாணவர்களும் அதன்வழி அரசுப் பள்ளிக்குத் தரலாம். ஊருக்குப் பொதுவான கட்டடம், சுற்றுச்சுவர் போன்ற பணிகளுக்கு, மக்கள் ஒரு பங்கைப் போட்டால் அரசு மீதியைத் தரும் 'நமக்கு நாமே' திட்டம் உண்டு. கலைக்குழுக்கள் மத்திய பண்பாட்டு அமைச்சகத்தின் குரு-சீடர் மரபுக்கான நிதியுதவி, தஞ்சாவூரில் உள்ள தென்னகப் பண்பாட்டு மையம், தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் ஆகியவற்றின் அறிவிப்புகளைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். பெங்களூருவில் இயங்கும் இந்தியக் கலைகளுக்கான அறக்கட்டளையான ஐ.எஃப்.ஏ., இந்திய மொழிகளில் எழுதிய விண்ணப்பங்களையும் ஏற்கிறது. இங்கிலீஷ் தெரியாது என்பதற்காகத் தரகரிடம் போகவேண்டும் என்ற எண்ணம் இந்த இடத்திலாவது பொய்யாகிறது. மருத்துவத்தில் எச்.ஐ.வி. தடுப்புப் பணிகள் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் வழியே தொண்டு நிறுவனங்களுக்குத் தரப்படுகின்றன. ஆண்டிபட்டியின் ஆரோக்கிய அகம் தொழுநோய்ப் பணியில் தொடங்கிப் பின்னர் காசநோய், எச்.ஐ.வி. பணிகளுக்கு விரிந்தது. ஒரு துறையில் ஊன்றி நின்று பெற்ற அனுபவம் அடுத்த பணிக்கும் தகுதியாகிறது என்பதற்கு நம் மாவட்டத்திலேயே இருக்கும் சான்று அது.

அடுத்த மறுப்பு, கணக்கெழுத ஆள் வைக்கும் அளவுக்குப் பணமிருந்தால் மானியம் எதற்கு என்பது. இதிலும் நியாயம் உண்டு. ஆனால் இதன் பின்னால் ஒரு தவறான புரிதலும் இருக்கிறது. சி.எஸ்.ஆர். விதிகளில் உள்ள 5 சதவீத நிர்வாகச் செலவு வரம்பு, கம்பெனி தன் சி.எஸ்.ஆர். பணியை நிர்வகிக்க ஆகும் செலவுக்கானது. திட்டத்தை நடத்தவும் கண்காணிக்கவும் நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது. கணக்கர் ஊதியத்தையும் தணிக்கைக் கட்டணத்தையும் திட்ட மதிப்பீட்டிலேயே காரணத்தோடு கேட்கலாம். கேட்காமல் விடுவது நம் பிழை. அந்த நிதி வரும்வரை, சின்னமனூரிலும் உத்தமபாளையத்திலும் உள்ள நான்கைந்து சிறு அமைப்புகள் சேர்ந்து ஒரு கணக்கரைப் பகுதிநேரத்துக்கு வைத்துக்கொண்டால் தனித்தனியாகச் சுமக்கும் பாரம் குறையும்.

எச்சரிக்கை தேவைப்படும் இடங்கள்

வெளிநாட்டுப் பணத்தில்தான் அறியாமை அதிக விலை கேட்கிறது. 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் (எஃப்.சி.ஆர்.ஏ.) சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அந்தப் பணத்தை வாங்கவே கூடாது. 2020 செப்டம்பரில் வந்த திருத்தம், வாங்கிய அமைப்பு வேறோர் அமைப்புக்கு அதை மாற்றித் தருவதை முற்றிலும் தடுத்தது. நிர்வாகச் செலவை 20 சதவீதத்துக்குள் அடக்கியது. புதுதில்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் மட்டுமே பணம் வந்துசேர வேண்டும் என்றது. இத்திருத்தத்தை உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் உறுதிசெய்தது. பெரிய அமைப்பு வாங்கிச் சிறிய அமைப்புக்குப் பகிர்ந்துவந்த பழைய வழி அடைபட்டதால் கிராமத்து அமைப்புகள் பட்ட இழப்பு உண்மையானது. ஆனாலும் "எங்க எஃப்.சி.ஆர்.ஏ. கணக்கு வழியா வாங்கித் தர்றோம், கமிஷன் மட்டும் கொடுங்க" என்று ஒருவர் சொன்னால், அதற்கு இசைவது இரு தரப்புக்கும் குற்றம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர் இந்தியக் குடிமகனாகவே இருந்து, தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியே தந்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால் ஆகும். பணம் வாங்குமுன் அவர் எந்த நாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கிறார் என்று கேட்டு, நகலை வாங்கி வைத்துக்கொள்வது மரியாதைக் குறைவு ஆகாது.

தரகர்கள் விரிக்கும் வலை இன்னும் பரந்தது. 2025 தொடக்கத்தில் மலைக்கு அந்தப்புறம் கேரளத்தில், சி.எஸ்.ஆர். நிதியால் பாதி விலைக்கு ஸ்கூட்டரும் லேப்டாப்பும் தையல் எந்திரமும் தருவதாகச் சொல்லி ஆயிரக்கணக்கானோரிடம் பணம் வசூலித்த மோசடி வெடித்தது. வசூலுக்கு அங்கே கருவியாக இருந்தவை ஊர்தோறும் இருந்த சின்ன அமைப்புகளும் சங்கங்களும். மக்கள் முதலில் நம்பியது தம் ஊர் அமைப்பை. கோபமும் அந்த அமைப்பின்மீதே முதலில் திரும்பியது. நம் பக்கத்தில், இரிடியம் விற்ற பணம் ரிசர்வ் வங்கியில் இருக்கிறது, அறக்கட்டளை வழியே கோடிகளாக வரும் என்று சொல்லி ஏமாற்றிய கும்பல்களை சி.பி.சி.ஐ.டி. போலீசார் 2025இல் கைதுசெய்தார்கள். உண்மையான எந்த நிதியாளரும் பரிசீலனைக் கட்டணம், கோப்புச் செலவு, முன்பணம் என்று தரகரின் கணக்குக்குப் பணம் கேட்பதில்லை. இதைவிட ஆசை காட்டும் ஆபத்து ஒன்று உண்டு: ஒரு கோடி தருகிறோம், அறுபது லட்சத்தை ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்பது. பொய்க் கணக்கில் கையெழுத்திடும் அறங்காவலருக்குப் பதிவும் போகும், வழக்கும் வரும். அறக்கட்டளையின் பெயரை வாடகைக்கு விடுவது அதை அழிப்பதற்குச் சமம்.

ஏமாந்தாலும் மறுக்கப்பட்டாலும்

பணம் இணையவழி போயிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். நேரம் கடந்தால் கணக்கை முடக்குவது கடினம். நேரில் கொடுத்ததாக இருந்தால், ரசீது, வாட்ஸ்அப் செய்திகள், வங்கிப் பரிவர்த்தனைப் பதிவு ஆகியவற்றின் நகலோடு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் தந்து ஒப்புகை பெற வேண்டும். வெட்கப்பட்டு மறைப்பது அடுத்த அமைப்பை அதே ஆளிடம் அனுப்பிவைக்கும். அரசு மானியம் மறுக்கப்பட்டாலோ, பதிலே வராவிட்டாலோ, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்டால் 30 நாளில் பதில் தரவேண்டும். தராவிட்டால் முதல் மேல்முறையீடு, பிறகு தகவல் ஆணையம். திங்கள்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனு தரலாம். வருமான வரித்துறை பதிவை மறுத்தால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உண்டு. வெளிநாட்டு நன்கொடைப் பதிவை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டியது அரசின் கடமை. தனியார் கம்பெனியிடம் இப்படிக் கேட்க முடியாது. ஆனால் அதன் சி.எஸ்.ஆர். கொள்கையும் ஒப்புதல் பெற்ற திட்டங்களும் அதன் இணையதளத்தில் இருக்கவேண்டும். அவற்றைப் படித்தால் அடுத்தமுறை எதைக் கேட்கலாம் என்பது விளங்கும். அமைப்பிடம் கணக்குக் கேட்க மக்களுக்கும் உரிமை உண்டு. அரசிடமிருந்து கணிசமான நிதி பெறும் தொண்டு நிறுவனம் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டதே என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்திருக்கிறது.

சேவை மனதோடு இறங்கியவரிடம் இத்தனை காகிதம் கேட்பது அவரைச் சந்தேகிப்பதாகாதா என்பது கடைசி மறுப்பு. விதிகள் சிறியவர்மீது பெரியவரைவிடக் கனமாக விழுகின்றன. அதை மறுக்க முடியாது. மாவட்ட நிர்வாகமும் தணிக்கையாளர்களும் மாதம் ஒரு நாளாவது சிறு அமைப்புகளுக்கு வழிகாட்டும் முகாம் நடத்த வேண்டும் என்று கேட்பது நம் கடமை. ஆனால் கணக்கு, கொடுப்பவருக்காக மட்டும் எழுதப்படுவதில்லை. மாலைநேர மையத்தின் வருகைப் பதிவேட்டில்தான் தோட்டக் கூலியின் மகள் எத்தனை நாள் வந்தாள், ஏன் நின்றாள் என்பது தெரியும். மருத்துவ முகாம் பதிவேட்டில்தான் கண் எரிச்சலோடு வந்தவர் மறுபடி வந்தாரா என்பது தெரியும். அந்த ஏடுகளை இன்றைக்கே எழுதத் தொடங்குகிறவர், மூன்றாண்டு கழித்து எந்த ஆளையும் பிடிக்காமல், அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு எந்த அலுவலகத்துக்குள்ளும் தலைநிமிர்ந்து நுழையலாம்.