யப்பானிய வாள்: மடிப்பும் களிமண் பூச்சும்

மாணவர்களே, "உருக்கை மடிப்பதால் வாள் கடினமாகிறது" என எழுதிவிடாதீர்கள். தட்டாரா எனும் களிமண் உலையில் இரும்பு மணலையும் மரக்கரியையும் மூன்று நாட்கள் இரவு பகலாக எரித்துத் தமஹகானே எனும் உருக்கைப் பெறுவர். அதில் காபன் சீராகப் பரவியிராது; கசடும் கலந்திருக்கும். காய்ச்சி, சம்மட்டியால் அடித்து மடிப்பது இவ்விரு குறைகளையும் நீக்கவே. 10 முறை மடித்தால் 1024 படைகள் உண்டாகும். ஆனால் ஒவ்வொரு முறையும் காபன் சிறிது எரிந்துபோவதால், அளவுக்கு மீறி மடிப்பதும் தீங்கே.

கடினத்தன்மை கிடைப்பது நீரில் தோய்க்கும்போதாகும். அதற்குமுன் களிமண், கரித்தூள், சாணைக்கல் தூள் ஆகியவற்றைக் குழைத்து, வெட்டும் விளிம்பில் மெல்லியதாகவும் முதுகுப்புறத்தில் தடிப்பாகவும் பூசுவர். ஏறத்தாழ 800 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி நீரில் அமிழ்த்த, விளிம்பு விரைவாகக் குளிர்ந்து மாட்டென்சைற்று எனும் கடின நிலையை அடைகிறது. மெதுவாகக் குளிரும் முதுகு முறியாமல் தாங்குகிறது. வெப்பநிலையை அறியக் கொல்லருக்குத் துணை, இருட்டாக்கிய பட்டறையில் தெரியும் உருக்கின் நிறமே. கணிப்புப் பிழைத்தால் விளிம்பு வெடித்து, பல நாள் உழைப்பும் வீணாகலாம்.

மாட்டென்சைற்றின் கனவளவு கூடுவதால் வாள் முதுகுப்பக்கமாக மேலும் வளைகிறது. ஆகவே வளைவுக்குக் காரணம் கேட்கப்பட்டால் சம்மட்டியை மட்டும் குறிப்பிட்டு நிறுத்திவிடாதீர்கள்.