ஆறு இலக்கத்தில் பறிபோகும் வட்ஸ்அப்

ஓடர் எடுப்பது, பில் அனுப்புவது, வங்கி ஸ்லிப் வாங்குவது எல்லாம் இன்று எங்களுக்கு வட்ஸ்அப்பில்தான். கடைச் சாவி போன்ற அந்தக் கணக்கை நம்மவர்கள் சிலர் ஒரு ஆறு இலக்கக் கோட்டைச் சொல்லி அந்நியனிடம் ஒப்படைத்து விடுகிறார்கள்.

நடப்பது இதுதான். மோசடிக்காரன் தன் போனில் உங்கள் தொலைபேசி இலக்கத்தைப் பதிகிறான். எஸ்.எம்.எஸ். கோட் உங்களுக்கு வருகிறது. "நாநா, என்னுடைய கோட் தவறி உங்களுக்கு வந்துவிட்டது, அனுப்புங்கள்" என்று தெரிந்தவர் பெயரிலேயே கேட்பான். (அவருடைய கணக்கு முன்பே பறிபோயிருக்கும்.) கொடுத்தீர்களோ, உங்கள் வாடிக்கையாளர்களிடம் உங்கள் பெயரில் கைமாற்றுக் கேட்பான். பணம் போவது அவர்களுக்கு, பெயர் கெடுவது உங்களுக்கு.

2017இல் வட்ஸ்அப் இதற்கொரு பூட்டுத் தந்தது. செட்டிங்ஸில் எக்கவுண்ட், அதற்குள் டூ-ஸ்டெப் வெரிபிகேஷன். அங்கே நீங்களே ஆறு இலக்க பின் நம்பர் ஒன்றை வைத்து, மின்னஞ்சல் முகவரியையும் கொடுங்கள். பிறந்த திகதி வேண்டாம். கடைப் பையனுக்கும் சொல்லி வையுங்கள். போன் அதிகம் இருப்பது அவன் கையில்தானே!

பறிபோய்விட்டால், உங்கள் இலக்கத்தை மீண்டும் பதிந்து, வரும் கோட்டைக் கொடுங்கள். அவன் உடனே வெளியேற்றப்படுவான். ஆனால் அவன் பின் நம்பர் வைத்திருந்தால், நீங்கள் உள்ளே போக 7 நாட்கள் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராக கோல் எடுத்துச் சொல்ல, அவர்களுடைய இலக்கங்களை இப்போதே ஒரு கொப்பியில் எழுதி வைத்திருங்கள்.