அடுத்த படம் வருவதற்குள்

35 மில்லிமீட்டர் பிலிம் சுருள் ஒன்றில் 36 படங்களே அடங்கிய காலத்தில், சுருளின் எல்லாப் படங்களையும் அவற்றின் சிற்றளவிலேயே ஒரு தாளில் அச்சிட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்து, மெழுகுப் பென்சிலால் வட்டமிடுவதோடு தெரிவு வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். 2017இல் வெளிவந்த சோனி ஏ9 கேமரா நொடிக்கு 20 படங்களை எடுத்தது. 2023 இறுதியில் அறிவிக்கப்பட்ட அதன் மூன்றாம் தலைமுறையோ நொடிக்கு 120 படங்கள் வரை எடுக்கிறது. ஒரு திருமணத்தையோ கிரிக்கெட் ஆட்டத்தையோ படமெடுத்துத் திரும்புபவர், குவிந்து கிடக்கும் ஆயிரக்கணக்கான படங்களில் சில நூறை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்தாக வேண்டும். ஒளிப்படக் கலைஞர்கள் ‘கல்லிங்’ என்று குறிப்பிடும் இந்தக் கழித்தெடுக்கும் வேலைக்கும், எஞ்சியவற்றைத் தரம்பிரிக்கும் வேலைக்கும் உரிய மென்பொருள்கள் பொதுவாக அவற்றின் வசதிகளின் எண்ணிக்கையால் ஒப்பிடப்படுகின்றன. ஆயினும் அவற்றின் தகுதியை அறியச் சிறந்த இடம், ஒரு விசையை அழுத்துவதற்கும் அடுத்த படம் திரையில் தெளிவாக நிற்பதற்கும் இடைப்பட்ட அந்தச் சிறு பொழுதே ஆகும்.

மனிதர் கணினியோடு பழகும் முறையை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன், 1993இல் வெளியிட்ட நூலில் மூன்று எல்லைகளைக் குறித்தார்: பத்தில் ஒரு நொடிக்குள் வரும் விளைவு உடனடியாக நிகழ்ந்ததாகத் தோன்றும்; ஒரு நொடி வரை தாமதம் உணரப்பட்டாலும் எண்ண ஓட்டம் அறுபடாது; பத்து நொடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். 3000 படங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நொடி காத்திருந்தால் வெறும் காத்திருப்பே 50 நிமிடமாகும் என்பது வெளிப்படையான இழப்பு. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு: அடுத்தடுத்து எடுத்த இரு படங்களுக்கிடையே உதட்டோரத்திலோ பார்வையின் திசையிலோ மட்டுமே வேறுபாடு இருக்கும்போது, முதல் படத்தின் நினைவு மங்குவதற்குள் இரண்டாவது வந்தால்தான் ஒப்பீடு என்பது நிகழவே முடியும்.

தாமதத்துக்குக் காரணம் ‘ரா’ எனப்படும் மூலக் கோப்பின் இயல்பிலேயே இருக்கிறது. பெரும்பாலான கேமராக்களின் உணரியில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒரு நிறத்தின் அளவை மட்டுமே பதிவு செய்வதால், மற்ற இரண்டையும் அக்கம்பக்கப் புள்ளிகளிலிருந்து கணக்கிட்ட பின்னரே அது படமாகிறது. ஆனால் தன் முதுகுத் திரையில் காட்டுவதற்காகக் கேமராவே ஒரு முடிந்த ஜேபெக் படத்தையும் அந்தக் கோப்புக்குள் வைத்துவிடுகிறது. அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தைச் சேர்ந்த கேமரா பிட்ஸ் நிறுவனம் 1998 முதல் வெளியிட்டுவரும் ‘போட்டோ மெக்கானிக்’, மூலக் கோப்பைக் கணக்கிட்டுக்கொண்டிராமல் இந்த உள்படத்தை எடுத்துக் காட்டுவதாலேயே செய்தி, விளையாட்டு ஒளிப்படக் கலைஞர்களின் நம்பிக்கையைப் பெற்றது. அடோபியின் லைட்ரூமிலும் 2017 அக்டோபர் பதிப்பில் உள்படத்தைக் கொண்டு தெரிவு செய்யும் வழி மேம்படுத்தப்பட்டது. இதற்கு ஒரு விலையும் உண்டு. உள்படத்தில் தெரிவது கேமரா தன் போக்கில் முடிவு செய்த வெளிச்சமே. அதில் இருண்டு கிடக்கும் முகம் மூலக் கோப்பில் மீட்கத்தக்கதாக இருக்கலாம். மூலத் தரவையே நேராகக் காட்டும் ‘ஃபாஸ்ட்ராவ்யூவர்’ போன்றவை இந்தக் குறையை நீக்கவே எழுந்தன.

வேகத்துக்கு அடுத்தது கை. லைட்ரூமில் ‘பி’ விசை ஏற்பையும், ‘எக்ஸ்’ விசை விலக்கையும், ‘யூ’ விசை முடிவை நீக்குவதையும் குறிக்கின்றன. கேப்ஸ் லாக் விசை இயங்கும் நிலையில் இருந்தால் முடிவைக் குறித்தவுடன் அடுத்த படம் தானாக வந்துவிடுகிறது. அந்த விசைக்கு இப்படியொரு பயன் இருப்பதைத் திரையில் எதுவும் சொல்வதில்லை என்பதால், பலர் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு முறை விசையழுத்தி உழைக்கிறார்கள். குறியிடாத படங்களை மட்டும் காட்டுமாறு வடிகட்டி வைத்தவர் ‘எக்ஸ்’ விசையை அழுத்தியதும் படம் கண்முன் மறைந்துபோவது இன்னொரு இடர். விலக்குதல் வேறு, அழித்தல் வேறு என்று அறியாத புதியவர் அங்கே திகைத்துப்போவார். உண்மையில் விலக்கிய படங்களை அழிப்பது தனிக் கட்டளை. அதுவும் வட்டிலிருந்து நீக்குவதா, மென்பொருளின் பட்டியலிலிருந்து மட்டும் நீக்குவதா என்று கேட்ட பின்பே நடக்கிறது. இந்தப் பாதுகாப்பு பாராட்டத்தக்கது, ஏனெனில் பிழையைத் திருத்திக்கொள்ளலாம் என்ற உறுதி உள்ளவரே துணிந்து கழிப்பார்.

ஒன்று முதல் ஐந்து வரையிலான நட்சத்திரங்களோ எளிமையாகத் தோன்றிக் குழப்பம் விளைவிப்பவை. ஒரு படம் வேண்டுமா வேண்டாமா என்பது விடையுள்ள கேள்வி. அது மூன்றா நான்கா என்பது ஒவ்வொரு முறையும் அளவுகோலையே புதிதாக வகுக்கச் சொல்லும் கேள்வி. காலையில் மூன்று பெற்ற படமும் களைத்த மாலையில் மூன்று பெற்ற படமும் ஒரே தரத்தவையாக இருப்பது அரிது. ஆகவே முதல் சுற்றில் ஏற்பு விலக்கு மட்டும், அடுத்த சுற்றில் ஏற்றவற்றுள் சிறந்தவற்றுக்கு ஒரு நட்சத்திரம், அதற்கடுத்த சுற்றில் அவற்றுள் சிலவற்றுக்கு இரண்டு என்று படிப்படியாக ஏற்றுவதே ஏற்றதாகப் படுகிறது. வண்ணக் குறிகளைத் தரத்துக்குப் பயன்படுத்தாமல், திருத்த வேண்டியது, ஆல்பத்துக்கு உரியது போன்ற வேலை நிலைகளுக்கு ஒதுக்குவது நல்லது. சிவப்பு பச்சை வேறுபாட்டைப் பிரித்தறிய இயலாதோருக்கு அக்குறிகள் பெயரோடும் தெரிவது இன்றியமையாதது.

அண்மைக் காலத்தில் ‘ஆஃப்டர்ஷூட்’, ‘நரேட்டிவ் செலக்ட்’ முதலிய செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள், ஒத்த படங்களைத் தொகுத்து, மங்கலானவற்றையும் கண் மூடியவற்றையும் சுட்டிக்காட்டுகின்றன. தொகுத்தல் பெரிய உதவி. கண் மூடியதைக் குறையாகக் கொள்ளும் விதியோ எங்கும் பொருந்தாது: தாலி கட்டும் கணத்தில் தலைகுனிந்து கண்மூடி நிற்கும் மணமகளின் படமே அந்தத் திருமணத்தின் தலைசிறந்த படமாக இருக்கக்கூடும். ஆதலால் எந்தக் காரணத்தால் ஒரு படம் ஒதுக்கப்பட்டது என்பதை அதன் அருகிலேயே காட்டி, ஒரே விசையில் மீட்க விடும் மென்பொருளே இவ்வகையில் நம்பத்தக்கது.

இத்தனை உழைப்பில் உருவான தீர்ப்பு எங்கே சேமிக்கப்படுகிறது என்பதைப் பயனர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. 2005இல் வந்த ஆப்பிளின் ‘அப்பர்ச்சர்’ மென்பொருளின் வளர்ச்சி 2014இல் நிறுத்தப்பட்டபோது, அதை நம்பியிருந்தோர் இடம்பெயர நேர்ந்தது. அடோபி 2001இல் அறிமுகப்படுத்திய ‘எக்ஸ்எம்பி’ என்னும் பொது வடிவம் நட்சத்திர எண்ணைக் கோப்புடனேயே ஏந்திச் செல்கிறது. ஆனால் லைட்ரூமின் பழைய பதிப்புகளில் ஏற்பு விலக்குக் கொடிகள் அதில் எழுதப்படாமல் அந்த மென்பொருளின் பட்டியலுக்குள்ளேயே தங்கிவிட்டன. வண்ணக் குறிகள் சொற்களாகப் பதிவதால், லைட்ரூம் ‘சிவப்பு’ என்று எழுதியதை, அதே நிறத்துக்கு வேறு பெயர் வைத்திருக்கும் அடோபி பிரிட்ஜ் அடையாளம் காணாமல் போகிறது. எனவே அத்தகைய பதிப்புகளில் கொடிகளால் தெரிவு செய்தவர்கள் வேறு மென்பொருளுக்கு மாறுமுன், ஏற்புக் கொடியிட்ட படங்களை மட்டும் வடிகட்டி, நட்சத்திரம் இல்லாதவற்றுக்கு ஒன்றை இட்டு, பின்னர் எல்லாவற்றையும் தேர்ந்து ‘கன்ட்ரோல்’ விசையோடு ‘எஸ்’ அழுத்திக் கோப்புகளில் எழுதச் செய்தால், அந்தத் தெரிவு படங்களோடு சேர்ந்தே பயணிக்கும்.