கொல்லைக்கு ஒரு நெல்லி

காவிரியின் கடைமடையான காரைக்கால் பகுதியில் நெல்லுக்கே முதலிடம். திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி என எங்கு பார்த்தாலும் வயல்தான். ஆனால் வீட்டுக் கொல்லையிலும் மேட்டுத் திடலிலும் சும்மா கிடக்கும் இடம் பல விவசாயிகளிடம் உண்டு. அந்த இடத்திற்கு ஏற்ற மரம் நெல்லி. காய் சந்தைக்குப் போகும் முன்பே அடுப்படியில் பலன் தரும் மரம் இது.

சத்து எவ்வளவு?

100 கிராம் நெல்லிக்காயில் 600 மில்லிகிராம் வைட்டமின் 'சி' இருப்பதாக ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணை கூறுகிறது. அதே நிறுவனம் 2017ல் வெளியிட்ட அட்டவணையில் இது 252 மில்லிகிராம். குறைந்த கணக்கையே எடுத்துக் கொண்டாலும் குறைவில்லை. ஒரு நாளைக்கு ஆணுக்கு 80, பெண்ணுக்கு 65 மில்லிகிராம் போதும். நடுத்தரக் காய் இரண்டு சாப்பிட்டால் அந்தத் தேவை தீர்ந்துவிடும்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. சோறு, கீரை, பயறு ஆகியவற்றில் உள்ள இரும்புச்சத்து உடலில் எளிதில் சேர்வதில்லை. அதே வேளை உணவில் வைட்டமின் 'சி' இருந்தால் கூடுதலாகச் சேரும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100க்கு 57 பேருக்கு இரத்தசோகை. துவாதசியன்று அகத்திக்கீரையோடு நெல்லிக்காய்ப் பச்சடி வைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தச் சேர்க்கையை விரத நாளோடு நிறுத்தாமல், கீரை சமைக்கும் நாளெல்லாம் கடைப்பிடிக்கலாம். சாப்பிட்ட உடனே காப்பி, தேநீர் குடித்தால் இரும்புச்சத்து சேர்வது குறையும்.

சமையல் முறை

துவையல்: நான்கு காயைக் கொட்டை நீக்கி, தேங்காய், பச்சை மிளகாய், உப்பு சேர்த்துப் பச்சையாகவே அரைத்துக் கடுகு தாளிக்கலாம். தயிரில் கலந்தால் பச்சடி.

உப்பு நெல்லி: கல் உப்பும் மஞ்சள் தூளும் போட்டுக் கொதிக்க வைத்து ஆறிய நீரில் காய்களை ஊறப் போடலாம்.

வேக வைத்தாலும் வெயிலில் காயவைத்தாலும் வைட்டமின் 'சி' குறையும். ஆகவே பச்சையாகச் சேர்ப்பதே மேல். புளிப்புள்ள காய் என்பதால் செம்பு, பித்தளைப் பாத்திரங்களைத் தவிர்த்து, கண்ணாடி அல்லது பீங்கான் ஜாடியில் வைக்க வேண்டும்.

நடும் முறை

நெல்லி வறட்சியைத் தாங்கும். களர், உவர்த் தன்மையையும் ஓரளவு தாங்கும். தாங்காதது தேங்கும் தண்ணீர். எனவே வயலிலோ பள்ளத்திலோ நடக்கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் நீர் வடியும் மேட்டையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மரத்துக்கு மரம் 6 மீட்டர் இடைவெளியில், ஒரு மீட்டர் ஆழ அகலக் குழியெடுத்து, மேல்மண்ணும் மட்கிய தொழுவுரமும் கலந்து நிரப்பி, ஆடி, ஆவணியில் ஒட்டுக்கன்று நடலாம். ஒரே இரகமாக நட்டால் காய்ப்பிடிப்பு குறையக்கூடும். பவானிசாகர்-1 இரகத்துடன் என்.ஏ.7 போன்ற மற்றொரு இரகத்தையும் சேர்த்து நடுவது நல்லது. ஒரு மரத்துக்குத்தான் இடம் என்றால் அண்டை வீட்டார் வேறு இரகம் வைக்கலாம்.

நெல்லிக் கிளை எளிதில் முறியும். கடற்கரைக் காற்றுக்கு ஈடுகொடுக்க, தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரம் வரை பக்கக் கிளைகளை நீக்கி வளர்க்க வேண்டும். காய்ப் பாரம் மிகுந்த கிளைகளுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும்.

ஒட்டுக்கன்று நான்கைந்து ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். மண்ணின் தன்மை பற்றி ஐயமிருந்தால் மாதூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டறிந்து நடலாம். வீட்டுத் தேவை போக மிஞ்சும் காயை விற்றுக் காசாக்கலாம்.