ஆள்காட்டி முட்டையும் மீன் அமிலப் பீப்பாயும்

ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் போகிற வழியில் எங்கள் வாழைத் தோட்டம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு சித்திரை மாதம். கன்று நடுவதற்கு உழுது போட்டிருந்த வெற்று நிலத்தில் ஆள்காட்டி நான்கு முட்டை இட்டிருந்தது. கூடு என்று எதுவும் கிடையாது. லேசான பள்ளம், சுற்றிலும் சிறு கற்கள். மண் நிறத்திலேயே முட்டை. வேலைக்கு வந்த அக்காதான், "சார், பாத்து காலை வைங்க" என்று காட்டினார்.

டிராக்டர் ஏறிவிடக் கூடாதே என்று சுற்றி நான்கு குச்சி நட்டுவைத்தேன். நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைப்பு. ஆறாம் நாள் காலையில் ஒரு காக்கை அந்தக் குச்சி மேலேயே உட்கார்ந்திருந்தது. ஆள்காட்டி கத்திக்கொண்டே அதை விரட்டப் போனது. அந்த நேரம் பார்த்து இன்னொரு காக்கை பின்பக்கமாக வந்து முட்டையைத் தூக்கியது. நான் ஓடிப் போவதற்குள் மீதியும் உடைந்து கிடந்தது.

கோபத்தில் பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம் சொன்னேன். "குருணையில கொஞ்சம் மருந்தக் கலந்து வைங்க சார், ரெண்டே நாள்ல தோட்டம் சுத்தமாயிடும்" என்றார். ரசாயனமே வேண்டாம் என்று விவசாயத்துக்கு வந்தவன், ஒரு நிமிஷம் யோசித்தேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் அந்தக் குருணையைக் காக்கை மட்டுமா தின்னும்? மைனா தின்னும், அணில் தின்னும், புறா தின்னும். செத்த காக்கையைப் பருந்து தூக்கும், நாய் இழுக்கும். மோட்டார் கொட்டகைப் பரணில் ஒரு கூகை ஜோடி குடியிருக்கிறது. ராத்திரிக்கு ஒன்றிரண்டு எலியாவது பிடிக்கும். விஷம் தின்ற எலியைத் தின்றால் அதுவும் போச்சு.

சட்டமும் மாறிவிட்டது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் பட்டியலில் எலி, சுண்டெலி, பழந்தின்னி வௌவாலோடு காக்கையும் 'தீங்குயிர்' என்று இருந்தது. 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். எந்த உயிரையும் அப்படி அறிவிக்க வேண்டுமானால் ஒன்றிய அரசு தனியாக அறிவிக்க வேண்டும். மயில் முதல் பட்டியலில் இருப்பது எல்லாருக்கும் தெரியும். விராலிமலைப் பக்கத்து நண்பர்கள் கடலை விதைத்துவிட்டுப் படும் பாடும் தெரியும். அது தனிக் கதை; இன்னொரு முறை எழுதுகிறேன்.

வெளிநாட்டில் காக்கையைக் கொல்லத்தானே செய்கிறார்கள் என்று கேட்கலாம். கென்யாவில் 2024-ல், பத்து லட்சம் காக்கைகளை ஒழிக்கப்போவதாக வனவிலங்குத் துறை அறிவித்தது. அவை நம்ம ஊர் காக்கைகளேதான்! 1890-களில் சான்சிபாருக்குக் கொண்டுபோய் விட்டவை, கப்பலேறிப் போனவை எல்லாம் கிழக்கு ஆப்பிரிக்கக் கரை நெடுகப் பெருகி, அங்குள்ள சிறு பறவைகளின் முட்டை, குஞ்சுகளைத் தின்று தீர்க்கின்றன. அங்கே காக்கை வந்தேறி. இங்கே அது மண்ணின் பறவை. அதன் கூட்டிலேயே முட்டையிட்டு அதை ஏமாற்றக் குயில் இருக்கிறது. அதைத் துரத்தி அடிக்கக் கரிச்சான் இருக்கிறது. அப்படியிருந்தும் ஏன் இத்தனை காக்கை?

பேங்கில் முப்பது வருஷம் பேரேடு பார்த்த பழக்கம். ஒரு நோட்டுப் போட்டுத் தினமும் காலை ஏழு மணிக்கு எண்ண ஆரம்பித்தேன். தென்னையில் ஒரு வைரி ஜோடி இருக்கிறது. ஓணான், தவிட்டுக்குருவி எல்லாம் பிடிக்கும். வருஷம் முழுக்க அது இரண்டு என்றே நோட்டில் இருக்கிறது. அது வேட்டையாடுகிற இடத்தில் இன்னொரு ஜோடியை விடாது. இரை குறைந்தால் அதுவும் குறையும். அது தானே வைத்துக்கொண்ட கணக்கு. காக்கைக்கோ சில நாள் ஆறு, ஏழு. சில நாள் நாற்பதுக்கு மேல். நாற்பது வந்த நாட்களை நோட்டில் பார்த்தபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எல்லாம் நான் மீன் கழிவு வாங்கி வந்த நாட்கள்! நாட்டுச் சர்க்கரை வரும்வரை கழிவைச் சாக்கோடு மரத்தடியில் போட்டு வைப்பேன். கலந்த பிறகும் பீப்பாய்க்கு ஒரு ஓட்டைத் துணிதான் மூடி. அது போக, வாய்க்கால் கரையில் கறிக்கடைக் கழிவு. ஊரே காக்கைக்குச் சோறு போடுகிறது. வெளியே கிடைக்கிற தீனியால் கூட்டம் பெருகி, அதே கூட்டம் என் தோட்டத்து முட்டையையும் பார்த்துக்கொள்கிறது. பத்தைக் கொன்றாலும், தீனி இருக்கும்வரை அந்த இடத்துக்கு வேறு பத்து வரும்.

அதனால் தீனியில் கை வைத்தேன். மீன் கழிவு வந்த அன்றே சர்க்கரை சேர்த்து, இறுக மூடுகிற பீப்பாயில் போடுகிறேன். கறிக்கடைத் தம்பியிடம் மூடி போட்ட வாளி இரண்டு கொடுத்தேன். சாயங்காலம் வாங்கி வந்து மூன்றடிக் குழியில் புதைத்து மண் மூடுகிறோம். முதல் மாதம் ஒன்றும் மாறவில்லை. மூன்றாம் மாதத்துக்குப் பிறகு நோட்டில் பத்தைத் தாண்டுவது அபூர்வம்.

பறவைத் தாங்கி விஷயத்திலும் ஒரு பாடம். ஏக்கருக்கு இருபது என்று நடச் சொல்வார்கள். புழு பிடிக்கக் கரிச்சான் வந்து உட்காரும் என்பது சரிதான். ஆனால் தரையில் முட்டையிடும் பறவை இருக்கிற வெற்று நிலத்தில் அதே குச்சி காக்கைக்குக் காவல் கோபுரம். பயிர் நிற்கும் பக்கம் மட்டும் நடுங்கள். ஆள்காட்டி முட்டைக்கு அடையாளம் வேண்டுமானால் பத்தடி தள்ளி ஒரு கல்லை வையுங்கள், குச்சி வேண்டாம். முட்டை பொரிய நாலு வாரம் ஆகும். அதுவரை அந்தப் பாத்தியை உழாமல் விட முடிந்தால் விடுங்கள்.

சின்னக் குருவிகளுக்கு உயிர்வேலி. கிளுவை, இலந்தை, கொடுக்காப்புளி என்று அடர்த்தியாக வைத்தால் முள்ளுக்குள்ளே காக்கை லேசில் நுழையாது. வேலியோரத்து வேம்பில் கரிச்சான் கூடு கட்டினால் இன்னும் நல்லது. தன் கூட்டுப் பக்கம் காக்கையை அது அண்ட விடாது. அந்தக் காவலை நம்பிப் பக்கத்திலேயே கொண்டைக்குருவியும் கூடு கட்டும்.

வீட்டில் இன்னும் சண்டை முடியவில்லை. அமாவாசைக்கு அம்மா மண்டபத்தில் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்து வைக்கிற சோற்றை எப்படி நிறுத்துவது என்கிறாள் என் மனைவி. அதை நிறுத்தச் சொல்லவில்லை, தினமும் மிச்சக் குழம்பைக் கொல்லையில் கொட்டுவதைத்தான் சொல்கிறேன் என்றேன். இப்போது அது உரக்குழிக்குப் போகிறது. இந்தச் சித்திரையில் அதே நிலத்தில் ஆள்காட்டி மறுபடி நான்கு முட்டை வைத்தது. ஒன்று காணாமல் போனது. மூன்று பொரிந்து, மறுநாளே தாய்க்குப் பின்னால் வரப்பேறிப் போய்விட்டன.